பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு பென் டிரைவ்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு போன் காலில் இருந்து ஆரம்பிக்குது. 2025 தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி கீரமங்கலத்தில் இருந்து சித்தப்பா கூப்பிட்டார். "டேய் தம்பி, சிஸ்டத்துல நீலக் கலர்ல ஒரு அறிவிப்பு வந்துக்கிட்டே இருக்குடா. கடையில காட்டுனேன், இது இனிமே ஓடாதுங்கிறான். புதுசு முப்பத்தெட்டாயிரமாம். தீபாவளி நேரத்துல எங்கடா போறது?"

கீரமங்கலம் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர். பூ வியாபாரத்துக்குப் பேர் போனது. மல்லிகை, முல்லை, சம்பங்கி, செண்டி எல்லாம் சுத்துப்பட்டு கிராமங்களில் இருந்து விடியக்காலையில் வந்து இறங்கும். சித்தப்பா அங்க பூ கமிஷன் பார்க்கிறார். எந்த விவசாயி எத்தனை கிலோ கொண்டு வந்தார், அன்னைக்கு என்ன விலை, முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்கார்னு பகலெல்லாம் நோட்டில் எழுதுவார். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எக்செல்லில் ஏத்துவார். வாரம் ஒருமுறை ஆளுக்கு ஒரு கணக்குச் சீட்டு பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். ஆறு வருஷக் கணக்கு அந்த ஒரே சிஸ்டத்தில் இருக்கு. பி.காம் படிக்கிற தங்கச்சிக்கும் அதே சிஸ்டம்தான்.

முதல்ல அந்தக் கடைக்காரர் சொன்னது சரியான்னு பார்ப்போம். பாதி சரி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துட்டு இருந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட முடிஞ்சுது. அதுக்காக மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் நின்னு போகாது. ஆன் ஆகும், எக்செல் திறக்கும், எல்லாம் ஓடும். பாதுகாப்புக்கான அப்டேட் மட்டும்தான் நிக்குது. புதுசா ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டா அதை அடைக்க யாரும் வரமாட்டாங்க. இன்டர்நெட்டும் பேங்க் வேலையும் இருக்கிற கம்ப்யூட்டரில் இது பயப்பட வேண்டிய விஷயம்தான். தனி ஆட்களுக்கு இன்னும் ஒரு வருஷம், அதாவது 2026 அக்டோபர் வரைக்கும், பதிவு பண்ணிக்கிட்டா பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும்னு மைக்ரோசாஃப்டே ஒரு வழி வச்சிருக்கு. இதை நான் மறைக்க விரும்பலை. லினக்ஸே வேண்டாம்னு நினைக்கிறவங்க முதல்ல அதைப் பாருங்க.

அப்போ ஏன் விண்டோஸ் 11 போடக்கூடாது? சித்தப்பாவோட சிஸ்டம் நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா இன்டெலில் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஏத்துக்கும். கூடவே டிபிஎம் 2.0-னு ஒரு பாதுகாப்பு வசதியும் வேணும். குறுக்கு வழியில் போடலாம்தான், யூடியூபில் நூறு வீடியோ இருக்கு. ஆனா ஆறு வருஷக் கணக்கு இருக்கிற கம்ப்யூட்டரில் குறுக்கு வழி எனக்குப் பிடிக்காது.

அதனால சித்தப்பாகிட்ட, "தீபாவளிக்கு ஊருக்கு வர்றேன், ஒரு பென் டிரைவ் கொண்டு வர்றேன், அதுவரைக்கும் யார்கிட்டயும் ஃபார்மேட் அடிக்கக் கொடுக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

ஃபார்மேட்னு சொன்னதும் எனக்கு ஏன் வயித்தைக் கலக்குதுன்னு சொல்லணும். நான் பிளஸ் டூ படிச்சது அரசுப் பள்ளிக்கூடத்தில். 2014-ல் எனக்கு விலையில்லா மடிக்கணினி கிடைச்சுது. 2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் ஆரம்பிச்ச திட்டம் அது. எல்காட் நிறுவனம் மொத்தமா வாங்கி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகள், கல்லூரிகளில் லட்சக்கணக்கான பேருக்குக் கொடுத்தாங்க. எங்க தெருவிலேயே அதுதான் முதல் லேப்டாப். 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்.

அதை ஆன் பண்ணினா, முதல்ல ஒரு கறுப்புத் திரை வரும். அதில் விண்டோஸ், பாஸ் அப்படின்னு ரெண்டு பெயர் இருக்கும். எதையும் தொடாம விட்டா தானா விண்டோஸுக்குப் போயிடும். உங்களில் எத்தனை பேருக்கு அந்தத் திரை ஞாபகம் இருக்கு? அந்த பாஸ் தான் லினக்ஸ். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்ங்கிறதோட சுருக்கம். சி-டாக் நிறுவனத்தோட சென்னைப் பிரிவு உருவாக்கினது, முதல் பதிப்பு 2007-ல் வந்துச்சு. டெபியன்னு உலகம் முழுக்க தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துற ஒரு லினக்ஸ் இருக்கு, அதை அடிப்படையா வச்சு இந்திய மொழிகளுக்கு ஏத்த மாதிரி அமைச்சது. அதாவது, தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளோட கையில் லினக்ஸ் ஏற்கெனவே வந்து சேர்ந்துடுச்சு. நாங்க என்ன பண்ணினோம்? அதில் கேம் ஓடலைன்னு தெரிஞ்சதும் திரும்பிக்கூடப் பார்க்கலை. என் கூடப் படிச்ச நிறைய பேர் டவுனில் முந்நூறு ரூபாய் கொடுத்து, அந்த பார்ட்டிஷனையே அழிச்சு, எங்கிருந்தோ வந்த காப்பி விண்டோஸைப் போட்டுட்டு வந்தாங்க. கூடவே நாலு வைரஸும் வந்துச்சு. அது எதுக்காக உள்ள இருக்குன்னு வகுப்பில் ஒரு மணி நேரம் யாராவது காட்டியிருந்தா கதை வேற மாதிரி போயிருக்கும்னு இப்பவும் நினைக்கிறேன். கேரளாவில் பள்ளிக்கூடங்களில் பாடமே லினக்ஸில்தான் நடத்துறாங்க. அங்க மெஷினோட சேர்த்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தாங்க. வித்தியாசம் அந்த இடத்தில்தான்.

சரி, என் கதைக்கு வர்றேன். 2015, இன்ஜினியரிங் முதல் வருஷம். ஹாஸ்டலில் ஒரு சீனியர் உபுண்டு 14.04 டிவிடி கொடுத்தார். நான் பெரிய ஆள் மாதிரி இன்ஸ்டால் பண்ண உட்கார்ந்தேன். நடுவில் ஒரு கேள்வி கேட்டுச்சு: ஏற்கெனவே இருக்கிறதுக்குப் பக்கத்தில் நிறுவவா, இல்லை டிஸ்கை அழிச்சிட்டு நிறுவவா? படிக்காம அழிக்கிறதை அழுத்தினேன். உபுண்டு அழகா வந்துச்சு. அதுக்கப்புறம்தான் டி டிரைவைத் தேடினேன்.

அதில் எங்க அப்பத்தாவோட போட்டோ எல்லாம் இருந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் லீவில் அத்தை மகனோட கேமராவில் எடுத்தது. தென்னந்தோப்பில், மோட்டார் கொட்டகை வாசலில், பாளையைப் பொறுக்கிக்கிட்டு, இப்படி நூத்துக்கும் மேல. வேற யார்கிட்டயும் காப்பி இல்லை. 2016-ல் அப்பத்தா போயிட்டாங்க. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தப்போ அந்தத் தோப்பில் நின்ன மரம் பதினேழுதான்.

மூணாம் வருஷத்தில்தான் போட்டோரெக் அப்படின்னு ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்குன்னு தெரிஞ்சுது. அழிச்ச டிஸ்கில் கோப்போட பெயர் எதுவும் இருக்காது, ஆனா மேல வேற எதுவும் எழுதப்படாத இடத்தில் பழைய படத்தோட பிட்டுகள் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு ஜேபெக் படமும் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தோட ஆரம்பிக்கும். அந்த அடையாளத்தைத் தேடித் தேடி இது படங்களை மீட்டெடுக்கும். ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டேன். ஆயிரக்கணக்கில் குப்பை வந்துச்சு, பாதி கிழிஞ்ச படங்கள், வெப்சைட் ஐகான்கள். அதுக்கு நடுவில் அப்பத்தா படம் முழுசா பதினொண்ணு கிடைச்சுது. ரெண்டு வருஷம் அந்த டிஸ்கைப் பயன்படுத்தாம வச்சிருந்தா இன்னும் கிடைச்சிருக்கும். (அதனால இப்பவே சொல்லிடறேன்: தப்பா அழிச்சிட்டா அந்த நிமிஷமே ஆஃப் பண்ணிடுங்க. மேல எதையும் எழுதாதீங்க.)

இப்போ விஷயத்துக்கு வருவோம். லினக்ஸை முயற்சி பண்ணிப் பார்க்கிறதுக்கும் இன்ஸ்டால் பண்றதுக்கும் சம்பந்தமே இல்லை. இதைத்தான் 2015-ல் எனக்கு யாரும் சொல்லலை. நம்ம ஆட்களில் நிறைய பேர் லினக்ஸ் பார்க்கணும்னாலே முதல்ல ஃபார்மேட் அடிக்கணும்னு நினைக்கிறாங்க. தேவையே இல்லை. லைவ்னு ஒரு முறை இருக்கு. லினக்ஸை ஒரு பென் டிரைவில் எழுதி, கம்ப்யூட்டரை அந்த பென் டிரைவில் இருந்தே தொடங்கலாம். திருவப்பூர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கடை போடுறாங்க இல்லையா, கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, பத்து நாள் வியாபாரம் பண்ணிட்டு சுருட்டிட்டுப் போயிடுவாங்க. அதே மாதிரிதான். உங்க ஹார்ட் டிஸ்கில் ஒரு ஆணி கூட அடிக்காது.

உள்ள நடக்கிறது என்னன்னா, பென் டிரைவில் மொத்த சிஸ்டமும் சுருக்கப்பட்ட ஒரே கோப்பா இருக்கும், படிக்க மட்டும் முடியும். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் லினக்ஸ் கெர்னல் ராமுக்கு வரும். அப்புறம் தேவைப்படுற பகுதிகளை மட்டும் அந்தக் கோப்பில் இருந்து விரிச்சு எடுத்துக்கும். நீங்க செய்யுற மாற்றம் எல்லாம் ராமில் ஒரு மெல்லிய தாள் மாதிரி மேல உட்காரும். ஆஃப் பண்ணினா தாள் போயிடும். மறுபடி பென் டிரைவ் இல்லாம ஆன் பண்ணினா பழைய விண்டோஸ் அப்படியே வரும். பென் டிரைவில் இருந்து ஓடுறதால கொஞ்சம் மெதுவாதான் இருக்கும். அதை வச்சு லினக்ஸே மெதுவானதுன்னு முடிவு பண்ணிடாதீங்க.

அடுத்து எல்லாரும் கேட்கிறது, எந்த லினக்ஸ்? லினக்ஸ்ங்கிறது கண்டிப்பா சொன்னா கெர்னல் மட்டும்தான். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஃபின்லாந்தில் மாணவரா இருந்தப்போ ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடியே, 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவிச்ச குனூ திட்டத்தோட கருவிகள் இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்து, மேல ஒரு டெஸ்க்டாப்பும் மென்பொருள்களும் வச்சுக் கட்டின மூட்டைதான் உபுண்டு, மின்ட், ஃபெடோரா, பாஸ் எல்லாம். அரிசி ஒண்ணுதான், ஒவ்வொரு மெஸ்ஸிலும் சாப்பாடு வேற. நூத்துக்கணக்கில் இருக்கு. மாசம் ஒண்ணு மாத்திப் பார்க்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அதை வியாதின்னுதான் சொல்லுவேன்.

விண்டோஸ் பழகினவங்களுக்கு நான் சொல்றது லினக்ஸ் மின்ட். கீழ ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, பார்த்ததும் பயம் வராது. 22-ஆம் வரிசைப் பதிப்புக்கு 2029 ஏப்ரல் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் உண்டு. அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ பதிப்புன்னு ஒண்ணு இருக்கு, பழைய மெஷினுக்கு இதுதான் இலகுவானது. 4 ஜிபி ராம் இருந்தா போதும். 2 ஜிபின்னா பெயரளவுக்கு ஓடும், பிரவுசரில் நாலு டேப் திறந்தா திணறும். அதுக்கும் பழைய 32-பிட் மெஷின்னா மின்ட் 22 போடவே முடியாது. ஆன்டிஎக்ஸ் மாதிரி ரொம்பச் சின்ன லினக்ஸ்களைத் தேடணும். ஏன் பாஸ் இல்லைன்னு கேட்பீங்க. அது நல்லா இல்லைங்கிறது காரணம் இல்லை. சித்தப்பா வீட்டில் ஏதாவது நின்னு போனா, நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். தங்கச்சி தேடினா பதில் கிடைக்கணும். மின்டுக்கும் உபுண்டுவுக்கும் எந்தப் பிரச்சினையைத் தேடினாலும் யாராவது ஏற்கெனவே பதில் எழுதி வச்சிருப்பாங்க.

பென் டிரைவ் தயார் பண்றது சுலபம். 8 ஜிபி போதும். மின்டோட சொந்த வலைத்தளத்தில் இருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்க, கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். அதை ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் மூலமா பென் டிரைவில் எழுதணும். சாதாரணமா காப்பி பேஸ்ட் பண்ணினா வேலை செய்யாது, நிறைய பேர் தடுக்கி விழுற இடம் இது. பென் டிரைவில் இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும்ங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கங்க. அப்புறம் கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப், கம்பெனியைப் பொறுத்து ஏதோ ஒரு விசையைத் தட்டினா எதில் இருந்து தொடங்கணும்னு கேட்கும்.

தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம் கீரமங்கலத்தில் உட்கார்ந்தோம். சித்தப்பா, தங்கச்சி, நான். பென் டிரைவைச் சொருகி மின்ட் வந்ததும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "என் கணக்கு எங்கடா?" ஹார்ட் டிஸ்கைத் திறந்தேன். இங்க ஒரு விஷயம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒரு வசதி இருக்கு. அது ஆன்ல இருந்தா, ஆஃப் பண்ணினாலும் விண்டோஸ் முழுசா தூங்கியிருக்காது. அப்போ லினக்ஸ் அந்த டிஸ்கைப் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. அது நல்லதுக்குத்தான்.

பூக்கணக்கு எக்செல் கோப்பை லிப்ரேஆஃபிஸில் திறந்தோம். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியா இருந்துச்சு. விவசாயிகள் பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா தாறுமாறா கிடந்துச்சு. சித்தப்பா முகம் மாறிடுச்சு. "போச்சாடா?"ன்னார்.

போகலை. அது பாமினி எழுத்துரு. இதைக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா நம்ம ஊரில் லினக்ஸுக்கு மாறுற எல்லாருக்கும் இது வரும். பாமினியில் நீங்க தமிழ் தட்டச்சு பண்ணினாலும், கோப்புக்குள்ள சேமிக்கப்படுறது ஆங்கில எழுத்துதான். அந்த ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போடுறது எழுத்துருவோட வேலை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் முகமூடி கழண்டுடும். யூனிகோடில் அப்படி இல்லை, "அ"ன்னா எங்க போனாலும் "அ"தான். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமா அறிவிச்சிடுச்சு. ஆனா ஜெராக்ஸ் கடை, டிடிபி கடை, பூக்கடைக் கணக்கு வரைக்கும் பாமினி இன்னும் உயிரோட இருக்கு. விண்டோஸ் டிஸ்கில் இருந்த அந்த எழுத்துருக் கோப்பைத் திறந்து நிறுவு அப்படிங்கிற பட்டனைத் தட்டினேன். மூடித் திறந்ததும் பெயர் எல்லாம் வந்து நின்னுச்சு. சித்தப்பா விரலை வச்சு ஒவ்வொண்ணா வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் காபி குடிச்சார்.

தட்டச்சும் பார்த்தோம். ஐபஸ்னு ஒரு உள்ளீட்டு முறையும் அதுக்கான எம்17என் தொகுப்பும் போட்டா தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு முறைன்னு எல்லாம் கிடைக்கும். சித்தப்பா சின்ன வயசில் டைப்ரைட்டிங் தமிழ் லோயர் பாஸ் பண்ணினவர். ஒண்ணு ரெண்டு விசை இடம் மாறியிருக்குன்னு திட்டிக்கிட்டே அடிச்சார்.

ஒய்ஃபை வந்துச்சு, சத்தம் வந்துச்சு, யூடியூப் ஓடுச்சு. பிரிண்டரைச் சொருகினோம், அசையலை. கடைகளில் நிறையப் பார்க்கிற ஒரு பழைய லேசர் மாடல். லினக்ஸுக்கு டிரைவர் இருக்கு, ஆனா அதை ஓட வைக்க ஒரு முழு சாயங்காலம் போராடினேன். ஓடுச்சு, மறுபடி ஆன் பண்ணினதும் நின்னுச்சு. சித்தப்பா பொறுமையா சொன்னார்: "தம்பி, சீட்டு வரலைன்னா விவசாயி நம்பமாட்டான். நம்பலைன்னா பூ பக்கத்துக் கடைக்குப் போயிடும்." அவர் சொல்றது நியாயம். பிரிண்டர் ஒண்ணு வேலை செய்யலைன்னா அவருக்கு லினக்ஸ் வேண்டாம். இதைத் தெரிஞ்சுக்கத்தான் லைவில் பார்க்கணும்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். நேரா ஃபார்மேட் அடிச்சிருந்தா இந்த இடத்தில் மாட்டியிருப்போம்.

எங்க வீட்டில் ஒரு ஹெச்பி பிரிண்டர் சும்மா கிடந்துச்சு. ஹெச்பி பிரிண்டர்களுக்கு ஹெச்பிலிப்னு ஒரு கட்டற்ற டிரைவர் தொகுப்பு இருக்கு, மின்டோடவே வருது. மறுநாள் அதைக் கொண்டு வந்து சொருகினேன். ஒரு நிமிஷத்தில் சீட்டு வெளிய வந்துச்சு. அவரோடதை அப்பா எடுத்துக்கிட்டார். எல்லாருக்கும் இப்படி மாத்திக்க ஒரு பிரிண்டர் கிடைக்காதுங்கிறது எனக்கும் தெரியும்.

தங்கச்சிக்குப் பிரச்சினை வேற. "அண்ணா, எனக்கு டேலி வேணும். எக்ஸாம் அதுலதான்." டேலி விண்டோஸுக்கானது. ஒயின் அப்படிங்கிற மென்பொருள் மூலமா சில விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டலாம், ஆனா பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகிட்ட அதைக் கொடுத்துட்டு வர எனக்கு மனசு வரலை. அதே மாதிரி ஃபோட்டோஷாப் வச்சுப் பிழைக்கிற ஸ்டூடியோ, ஆட்டோகேட் வேலை, கைரேகைக் கருவியும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் வச்சு நடத்துற சேவை மையங்கள், இவங்க எல்லாம் தொழிலுக்கான மெஷினில் கை வைக்காதீங்க. வீட்டு மெஷினில் பாருங்க.

கடைசியில் ரெண்டையும் வச்சுக்கிறதுன்னு முடிவாச்சு, என் பழைய இலவச லேப்டாப் மாதிரியே. ஆனா இந்தத் தடவை ஒரே டிஸ்கைப் பிரிக்கலை. 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். சிபியூவைத் திறந்து, விண்டோஸ் இருக்கிற பழைய ஹார்ட் டிஸ்கோட கேபிளைக் கழட்டி வச்சுட்டுத்தான் மின்ட் இன்ஸ்டால் பண்ணினேன். கழட்டி வச்ச டிஸ்கை எந்த பட்டனாலும் அழிக்க முடியாது. டெஸ்க்டாப் வச்சிருக்கிற எல்லாருக்கும் நான் சொல்ற வழி இதுதான். லேப்டாப்னா பார்ட்டிஷன் பிரிச்சுத்தான் ஆகணும். அப்போ முதல்ல எல்லாத்தையும் வெளி டிஸ்குக்குக் காப்பி எடுங்க. விண்டோஸுக்குள்ள இருந்தே இடத்தைச் சுருக்குங்க. பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பார்த்து அதோட மீட்பு எண்ணை ஒரு பேப்பரில் எழுதி வையுங்க. அதுக்கப்புறம் இன்ஸ்டாலரில் வர்ற ஒவ்வொரு வரியையும் சத்தமா வாசிச்சுட்டு அழுத்துங்க.

கேபிளைத் திரும்ப மாட்டினேன். இப்போ ஆன் பண்ணினா மின்ட் வரும். டேலி வேணும்னா தங்கச்சி எஃப்12 தட்டி பழைய டிஸ்கைத் தேர்ந்தெடுப்பா. அந்த விண்டோஸில் இன்டர்நெட்டைத் துண்டிச்சு வச்சிருக்கேன். எஸ்எஸ்டிக்கு மாறினதில் சித்தப்பாவுக்கு வேகம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நேர்மையா சொல்லணும்னா அந்த வேகத்தில் பாதிப் பெருமை எஸ்எஸ்டிக்குத்தான், லினக்ஸுக்கு இல்லை.

சென்னை திரும்பி ஒரு வாரத்தில் தங்கச்சி போன் பண்ணினா. "அண்ணா, டேலி திறந்தா மணி தப்பா காட்டுது." காலையில் ஒன்பது மணிக்கு விண்டோஸ் மூன்றரைன்னு காட்டியிருக்கு. சரியா ஐந்தரை மணி நேரம் பின்னாடி. மதர்போர்டில் ஒரு கடிகாரம் இருக்கு. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வச்சு, நம்ம நேரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டும். விண்டோஸ் அதில் இருக்கிறதையே உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும். நமக்கும் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை. கேபிளைக் கழட்டிட்டு இன்ஸ்டால் பண்ணினதால, பக்கத்தில் ஒரு விண்டோஸ் இருக்குன்னே மின்டுக்குத் தெரியலை. லினக்ஸை உள்ளூர் நேரத்திலேயே எழுதச் சொல்ல ஒரு வரிக் கட்டளை இருக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அவளே டெர்மினலில் ஒட்டி சரி பண்ணிட்டா. "இவ்வளவுதானா"ன்னு கேட்டா.

சிஸ்டத்தை ஒப்படைக்கிற அன்னைக்கு, என்கிட்ட இருந்த அந்தப் பதினொரு படத்தையும் சித்தப்பாவோட டெஸ்க்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். மோட்டார் கொட்டகை வாசலில் அப்பத்தா நிக்கிற படத்தை அவர் வால்பேப்பரா வைக்கச் சொன்னார். பின்னாடி தோப்பு முழுசா தெரியும். "மிச்சம் இல்லையாடா?"ன்னு கேட்டார். இல்லை சித்தப்பான்னேன். அதுக்கு மேல அவர் எதுவும் கேட்கலை. பூக்கணக்கு இப்போ வாராவாரம் ஒரு பென் டிரைவுக்கும் காப்பி ஆகுது. அது பீரோவில் இருக்கு.

அடுத்த எபிசோடில், பாமினியில் இருக்கிற ஆறு வருஷக் கணக்கை மொத்தமா யூனிகோடுக்கு மாத்தினதைப் பத்திப் பேசலாம். பெயர் மாத்தும்போது ரெண்டு விவசாயிகளை நான் ஒரே ஆளாக்கிட்டேன், அந்தக் கதையும் இருக்கு. உங்க வீட்டில் பழைய சிஸ்டம் என்ன மாடல், லைவில் எது ஓடுச்சு, எது ஓடலைன்னு எழுதி அனுப்புங்க.